விரல் கைக்குப் போன பிறகு காலில் மிஞ்சும் காயம்

அறுவை தொடங்கி எட்டு மணி நேரம் ஆகியிருக்கும். காலிலிருந்து எடுத்துக் கையில் பொருத்திய விரல் அதுவரை மெழுகு போல வெளுத்துக் கிடக்கிறது. ரத்தக் குழாயைப் பிடித்திருந்த கிளாம்பை எடுத்ததும் அடியிலிருந்து மெல்ல நிறம் ஏறுகிறது. நுனியில் ஊசியால் லேசாக ஒரு குத்து. பளிச்சென்று சிவப்பாக ஒரு துளி எட்டிப் பார்க்கிறது. அரங்கில் இருப்பவர்கள் அப்போதுதான் நன்றாக மூச்சு விடுகிறார்கள்.

அதே மேசையின் மறுகோடியில் ஒரு பாதம் இருக்கிறது. விரல் இருந்த இடத்தில் ஒரு பள்ளம். அதிலிருந்து பாதத்தின் மேற்புறமாகக் கணுக்காலை நோக்கி நீளும் ஒரு கீறல். இரண்டு குழுக்கள் வேலை செய்தால் ஒரு குழு இதை ஏற்கெனவே மூடத் தொடங்கியிருக்கும். ஒரே குழு என்றால், மைக்ரோஸ்கோப் அடியில் மயிரிழையைவிட மெல்லிய நூலால் தைத்துக் களைத்த அதே கைகள்தான் காலுக்கும் வர வேண்டும். கைக்கு முழுக் கவனமும் போன பிறகு மிச்சம் இருப்பது காலுக்கு. இந்த அறுவையின் வரலாறே ஏறக்குறைய அப்படித்தான் நடந்திருக்கிறது.

தமிழில் கையிலும் காலிலும் இருக்கும் அந்தத் தடித்த விரலுக்குக் கட்டைவிரல் என்று ஒரே பெயர்தான். ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்கலாம் என்பது மொழிக்கு எப்போதோ தெரிந்திருந்தது போல! குழப்பம் வராமலிருக்க, இந்தக் கட்டுரையில் கையில் இருப்பதைக் கட்டைவிரல் என்றும் காலில் இருப்பதைப் பெருவிரல் என்றும் சொல்கிறேன்.

கையின் மொத்த வேலைத்திறனில் ஏறத்தாழ 40 சதவீதம் கட்டைவிரலுடையது என்பது மருத்துவ நூல்களில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. மற்ற நான்கு விரல்களும் எதிரே நின்று பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் கட்டைவிரல். இயந்திரத்தில் சிக்கி அது போய்விட்டால், அல்லது பிறவியிலேயே இல்லாவிட்டால், பொத்தான் போடுவது, பேனா பிடிப்பது, மூடியைத் திருகுவது எல்லாமே சிக்கல். நகமும் உணர்வும் மூட்டும் சேர்ந்த இன்னொரு விரல் உடம்பில் வேறெங்கே இருக்கிறது? காலில்தான்.

இந்த யோசனை பழையது. ஆஸ்திரிய அறுவை மருத்துவர் கார்ல் நிக்கோலடோனி 1898 வாக்கிலேயே இதைச் செய்துகாட்டினார். அப்போது ரத்தக் குழாய்களை இணைக்கும் வித்தை கிடையாது. அதனால் கால்விரலை முழுதாக அறுக்காமல் கையோடு தைத்து, கையையும் காலையும் சேர்த்துக் கட்டி, வாரக்கணக்கில் அப்படியே கிடத்த வேண்டியிருந்தது. கையிலிருந்து ரத்தம் ஊறியதும்தான் காலைப் பிரிப்பார்கள். மைக்ரோஸ்கோப் வந்த பிறகு கதை மாறியது. அமெரிக்காவில் ஹாரி பங்க்கி குரங்குகளில் இதைச் செய்து பார்த்தார். 1966-ல் ஷாங்காயில் யாங் டாங்யுவேயும் அவர் குழுவினரும் மனிதரில் இரண்டாம் கால்விரலைக் கைக்கு மாற்றினார்கள். 1968-ல் இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டில் ஜான் காபெட் பெருவிரலையே எடுத்துக் கட்டைவிரலாக வைத்தார். இன்று அனுபவமுள்ள மையங்களில் இப்படி மாற்றும் விரல்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் பிழைத்துக்கொள்கின்றன.

ஆக, கைக் கணக்கு பெரும்பாலும் தீர்ந்தது. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதை என்றால் கவலையே இல்லை. இங்கே தேங்காயும் நம்முடையதே. காலில் விழுந்த ஓட்டையை அடைக்கும் பொறுப்பும் நமக்கே.

அந்த ஓட்டை எப்படிப்பட்டது என்று புரிய, பெருவிரல் காலில் என்ன வேலை பார்க்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். நடக்கும்போது குதிகால் முதலில் தரையைத் தொடுகிறது. பாரம் பாதத்தின் வெளியோரமாக முன்னேறி, கடைசியில் உள்பக்கம் திரும்பிப் பெருவிரலுக்குக் கீழே இருக்கும் மேட்டில் வந்து நிற்கிறது. அங்கிருந்து பெருவிரல் தரையைப் பின்னுக்குத் தள்ள, உடம்பு முன்னே போகிறது. அந்த மேட்டுக்கு அடியில் பட்டாணி அளவில் இரண்டு குட்டி எலும்புகள் தசைநாணுக்குள் பதிந்திருக்கின்றன. உடம்பின் பாரத்தில் பெரும்பங்கு ஒரு கணம் அவற்றின் மேல் ஏறி இறங்குகிறது.

இன்னொன்றும் நடக்கிறது. உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல்களின் அடி வரை ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. குதிகால் தரையை விட்டு எழும்போது பெருவிரல் மேல்நோக்கி மடங்க, கிணற்று ராட்டினத்தில் கயிறு சுற்றுவது போல இந்தப் பட்டை மேட்டைச் சுற்றி இழுபடுகிறது. உடனே பாதத்தின் வளைவு உயர்ந்து, அதுவரை நெகிழ்வாக இருந்த பாதம் விறைத்த நெம்புகோலாகிவிடுகிறது. 1954-ல் ஹிக்ஸ் என்பவர் விளக்கிய ராட்டின வித்தை இது. இந்தக் கயிற்றின் முனை கட்டப்பட்டிருப்பது பெருவிரலின் முதல் எலும்பின் அடிப்பகுதியில்.

இதை நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. விரலை எந்த இடத்தில் வெட்டுவது என்ற கேள்விக்கான பதில் பாதி இங்கேயே கிடைத்துவிடுகிறது. பெருவிரலை மூட்டோடு முழுதாக எடுத்தால் கயிறு முனை அவிழ்ந்துவிடும். முதல் எலும்பின் அடியில் சுமார் 1 சென்டிமீட்டர் விட்டுவிட்டு வெட்டினால், நார்ப்பட்டையும் குட்டித் தசைகளும் பிடித்திருக்கும் இடம் தப்பிக்கும். ராட்டினம் ஓரளவுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். மூட்டையே எடுக்க நேர்ந்தாலும் அதற்குப் பின்னால் பாதத்தில் இருக்கும் நீண்ட எலும்பான மெட்டாடார்சலின் முன்முனையை, அதாவது தலையை, தொடக் கூடாது என்பதில் பெரும்பாலான அறுவை மருத்துவர்கள் கறாராக இருக்கிறார்கள். பாரம் தாங்குவது அந்தத் தலை. அது போனால் பக்கத்து எலும்புகளின் மேல் சுமை இறங்கும். மாதங்கள் கழித்து இரண்டாம், மூன்றாம் விரல்களுக்குக் கீழே தடித்த காய்ப்பும் வலியும் வந்து சேரும்.

என் பார்வையில் இந்த விஷயத்தின் மையம் இதுதான்: காலின் காயம் மூடப்படுவது கடைசியில், ஆனால் அது எப்படி மூடும் என்பது முதல் கீறலுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. பேனாவால் தோலில் கோடு போடும்போது கைக்கு எவ்வளவு வேண்டும் என்று மட்டும் பார்த்துக் கோடு போட்டவர், மாலையில் காலை மூட முடியாமல் திணறுவார்.

எதை எடுத்தால் என்ன காயம் மிஞ்சும் என்று பார்க்கலாம்.

காலுக்கு மிகக் குறைந்த தொந்தரவு இரண்டாம் விரலை எடுப்பது. விரலோடு அதன் மெட்டாடார்சல் எலும்பின் ஒரு பகுதியையும் எடுத்துவிட்டு, முதல், மூன்றாம் மெட்டாடார்சல் எலும்புகளை அருகே இழுத்து, அவற்றுக்கு இடையிலிருந்த குறுக்குத் தசைநாரைத் தைத்துவிட்டால் இடைவெளியே மூடிவிடும். தோலுக்குப் பஞ்சமில்லை, இரு ஓரங்களும் சிரமமின்றிச் சேரும். பாதம் கொஞ்சம் ஒடுங்கும், அவ்வளவுதான். சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவர் விரல்களை எண்ணினால் தவிரக் கண்டுபிடிப்பது கடினம். வளரும் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இந்த விரலையே தேர்ந்தெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சரி, அப்படியானால் எல்லோருக்கும் இதையே செய்யலாமே? கையில் அது மெலிந்த விரலாக, நுனி சற்று வளைந்து, சின்ன நகத்தோடு நிற்கும். பிடியின் வலுவும் பெருவிரலுக்கு ஈடாகாது. காலுக்கு நல்லது கைக்குச் சுமார். கைக்கு நல்லது காலுக்குச் சுமை. இந்த இழுபறிக்குப் பொதுவான தீர்ப்பு கிடையாது. தச்சருக்கு ஒரு பதில், நடனக் கலைஞருக்கு வேறு பதில்.

பெருவிரலை முழுதாக எடுத்தால் காயம் பார்க்கப் பெரிது. ஆனால் மூடுவது அவ்வளவு மோசமில்லை. உள்ளங்கால் பக்கத்துத் தோலை மீன் வாய் போல நீளமாக விட்டுவைத்து, அதை மேலே மடித்துத் தைப்பார்கள். தையல் கோடு பாதத்தின் மேற்புறத்தில் விழ வேண்டும், தரையில் படும் பக்கத்தில் விழவே கூடாது. அதற்காகவே, விரலோடு போகும் தோலைக் கொஞ்சம் கஞ்சத்தனமாக எடுப்பார்கள். கையில் தோல் குறைந்தால் அங்கே வேறு வழி பார்க்கலாம்; உள்ளங்கால் தோலுக்கு மாற்று அவ்வளவு எளிதில் கிடைக்காது.

உண்மையில் தலைவலி தருவது மூன்றாவது வகை. பெருவிரல் கட்டைவிரலைவிடப் பருமன். அப்படியே வைத்தால் கையில் உலக்கை மாதிரி தெரியும். இதைச் சரிசெய்ய 1980-ல் ஆஸ்திரேலியாவின் வேய்ன் மாரிசனும் சக மருத்துவர்களும் ஒரு நுட்பத்தை வெளியிட்டார்கள். பெருவிரலை வெட்டி எடுக்காமல், அதன் நகத்தையும் தோலையும் மட்டும் உறை போல உரித்து எடுத்து, கையில் வைத்த எலும்புத் துண்டைச் சுற்றிப் போர்த்துவது. போர்வை மாதிரிச் சுற்றுவதால் 'ராப் அரவுண்ட்' என்றே பெயர். கையில் அழகான கட்டைவிரல் கிடைக்கும். காலிலும் விரல் மிஞ்சும். எண்ணினால் ஐந்து இருக்கும்.

காகிதத்தில் படிக்க இரு பக்கமும் லாபம் போலத்தான் தெரியும். காலைப் பார்த்தால் தெரியும் சங்கதி. பெருவிரலின் உள்ளோரத்தில் ஒரு பட்டைத் தோல் மட்டும் விட்டுவைத்திருப்பார்கள், நுனிக்கு ரத்தம் போவதற்காக. மீதிச் சுற்றளவு முழுக்கத் தோலில்லாத விரல். மேலே நீட்டும் தசைநாண் பளபளப்பாகத் தெரியும். நகம் இருந்த இடத்தில் எலும்பு.

இங்கேதான் தோல் ஒட்டுக்கும், சொந்த ரத்தக் குழாயோடு சேர்த்து எடுக்கும் தோல் துண்டான ஃப்ளாப்புக்கும் உள்ள வித்தியாசம் முக்கியமாகிறது. தோல் ஒட்டு என்பது தொடையிலிருந்தோ வேறெங்கிருந்தோ சீவி எடுத்த தோல். அதற்குச் சொந்த ரத்தக் குழாய் இணைப்பு கிடையாது. வெட்டி மண்ணில் நட்ட குச்சி மாதிரி, வைத்த இடத்திலிருந்து உறிஞ்சித்தான் பிழைக்க வேண்டும். முதல் ஓரிரு நாள் காயத்தில் கசியும் நீரைக் குடித்துக் கிடக்கும். அடுத்து அதன் நுண்குழாய்களும் அடியிலிருக்கும் நுண்குழாய்களும் வாயோடு வாய் வைக்கும். ஐந்திலிருந்து ஏழு நாளுக்குள் ரத்தம் ஓடத் தொடங்கிவிடும். இதற்கெல்லாம் அடியில் ஈரமுள்ள, ரத்தமுள்ள மண் வேண்டும். மெல்லிய உறை உரிந்துபோன தசைநாணும், மேல்சவ்வு உரிந்த எலும்பும் வெறும் பாறை. அங்கே ஒட்டு பிடிக்காது. கறுத்துக் காய்ந்து உதிர்ந்துவிடும்.

அதனால்தான் விரலை உரிக்கும்போதே தசைநாண் மேலிருக்கும் கண்ணாடித் தாள் போன்ற சவ்வையும் எலும்பின் மேல்சவ்வையும் கீறாமல் விட்டுவைப்பது பெரிய விஷயம். ஒரு மில்லிமீட்டர் ஆழத்தில் கத்தி ஓடும் வேறுபாடு, பிற்பாடு இரண்டு மாத டிரெஸ்ஸிங்காக மாறும். நகக் கருவிலிருந்து ஒரு துணுக்கு தவறி மிஞ்சினால் இன்னொரு வேடிக்கை: காயம் ஆறிய பிறகு அந்த இடத்திலிருந்து முள் போல ஒரு நகம் முளைத்து, காலுறையில் மாட்டிக்கொண்டு இம்சை செய்யும்.

சவ்வு பத்திரமாக இருந்து ஒட்டு பிடித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதோடு முடிகிறதா என்றால் இல்லை. உள்ளங்கால் தோலின் அமைப்பே தனி. மேல்தோல் தடிமனானது, அடியில் கொழுப்புப் பொதிகள் சின்னச் சின்ன அறைகளில் அடைக்கப்பட்டு, நார்ச் சுவர்களால் எலும்போடு கட்டப்பட்டிருக்கும். நடக்கும்போது அது வழுக்காது, நசுங்கிப் பழையபடி எழும்பும். தொடையிலிருந்து சீவிய மெல்லிய தோலுக்கு இதில் எதுவும் தெரியாது. தரையில் உரசும் இடத்தில் அதை வைத்தால் ஒன்று உரிந்து புண்ணாகும், இல்லை தற்காப்புக்குத் தடித்துக் காய்ப்புக் காய்க்கும், வெடிக்கும். மெல்லிய ஒட்டு ஆறும்போது நிறையச் சுருங்கவும் செய்யும். அந்த இழுப்பில் விரல் கோணும். ஆகவே வைத்தே ஆக வேண்டும் என்றால் தொடை இடுக்கிலிருந்து முழுத் தடிமனில் எடுத்த தோலை வைப்பது மேல். அது குறைவாகச் சுருங்கும். எடுத்த இடத்தையும் நேராகத் தைத்துவிடலாம்.

மாரிசன் முறைக்குப் பிறகு வந்த மாற்று வழிகளில் பல, இந்த உரிந்த விரலை என்ன செய்வது என்ற கேள்விக்கான பதில்கள்தான். பழைய வழி, பக்கத்திலிருக்கும் இரண்டாம் விரலின் தோலிலிருந்து ஒரு கதவைத் திறப்பது போல மடித்து, பெருவிரலின் அடிப்பக்கத்தில் தைப்பது. இரண்டு மூன்று வாரம் இரு விரல்களும் ஒட்டியே இருக்கும். ரத்தம் ஊறிய பிறகு பிரிப்பார்கள். நிக்கோலடோனியின் யுக்தி குட்டி வடிவில் காலுக்கே திரும்பி வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். இன்னொரு வழி நேரடியானது: நுனி எலும்பைக் கொஞ்சம் வெட்டிக் குட்டையாக்கு, இருக்கிற தோல் போதும். விரல் நீளம் குறையும், ஆனால் சொந்தத் தோலால் மூடிய குட்டை விரல், ஒட்டுத் தோலால் மூடிய நெட்டை விரலைவிடப் பல நேரங்களில் நிம்மதி.

தைவானின் ஃபூ சான் வெய் குழுவினர் 1988-ல் வெளியிட்ட முறை வேறு திசையில் போனது. பெருவிரலை எடுத்து, உள்ளோரத்தில் எலும்பையும் மூட்டையும் சீவிக் கட்டைவிரல் அளவுக்கு மெலிதாக்குவது. செதுக்கும்போது மிஞ்சும் உள்ளோரத் தோல்பட்டை காலிலேயே தங்கிவிடுகிறது. காலை மூட அது அப்படியே உதவுகிறது. கைக்கு வேண்டாததைக் காலுக்கே விட்டுவைக்கும் கச்சிதமான கணக்கு.

அப்புறம் ஃப்ளாப். வேரோடும் அடிமண்ணோடும் பெயர்த்து நடும் செடி என்று சொல்லலாம். தோல், அடிக்கொழுப்பு, அதற்கு ரத்தம் தரும் தமனி, சிரை எல்லாம் சேர்ந்தே வரும். காலின் குழாய்களோடு இணைத்துவிட்டால் எலும்பானாலும் தசைநாணானாலும் அதன் மேல் வாழும். முன்பு ஃப்ளாப் என்றாலே தடித்த கொழுப்பு மூட்டை. விரலில் வைத்தால் செருப்புக்குள் நுழையாது. 2000-க்குப் பிறகு மிக மெல்லிய ஃப்ளாப்புகள் எடுக்கும் கலை வளர்ந்தது. ஜப்பானின் இசாவோ கோஷிமா தொடை இடுக்கிலிருந்து, துளைத்து வரும் ஒரு மெல்லிய தமனியை மட்டும் நம்பி எடுக்கும் ஃப்ளாப்பை 2004-ல் விவரித்தார். அது மெல்லியது, வளைந்து கொடுப்பது, எடுத்த இடத்தின் தழும்பு உள்ளாடைக்குள் மறைந்துவிடும். உரிந்த பெருவிரலைச் சுற்றிப் போர்த்த இது நன்றாகப் பொருந்துகிறது. சீனாவின் கை அறுவை மருத்துவர்கள் இந்தத் திசையில் வெகுதூரம் போயிருக்கிறார்கள்: கைக்குத் தேவையான எலும்பை இடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டு, காலில் ஐந்து விரல்களையும் நீளம் குறையாமல் காப்பாற்றி, உரிந்த இடத்தை இன்னொரு ஃப்ளாப்பால் மூடுவது.

இதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கையின் குறையைக் காலிலிருந்து தீர்த்தோம். காலின் குறையைத் தொடை இடுக்கிலிருந்து தீர்க்கிறோம். நல்லவேளை, தொடை இடுக்கில் தோல் உபரி, நேராகத் தைத்துவிடலாம், கடன் அங்கே நின்றுவிடுகிறது. ஆனால் அறுவை இன்னும் சில மணி நேரம் நீள்கிறது, மைக்ரோஸ்கோப்பின் அடியில் இன்னொரு ஜோடிக் குழாய் இணைப்பு, அது அடைத்துக்கொள்ளும் அபாயம் தனி. குட்டை விரலோடு சீக்கிரம் வேலைக்குப் போவது போதும் என்று சொல்பவருக்கு இது தேவையா? ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அறுவை மருத்துவரின் கை அரிப்பைக் கேட்டு முடிவு செய்யக் கூடாது.

ஃப்ளாப் அளவுக்குப் போக விருப்பமோ வசதியோ இல்லாத இடங்களில் நடுவழி ஒன்று இருக்கிறது: செயற்கை அடித்தோல். 1981-ல் ஜான் பர்க், இயோனிஸ் யன்னாஸ் இருவரும் தீக்காயங்களுக்காக அறிமுகப்படுத்திய பொருளின் வம்சம். கொலாஜனால் நெய்த, ஸ்பாஞ்ச் போன்ற தாள். மேலே சிலிக்கோன் படலம். காயத்தில் பதித்து இரண்டு மூன்று வாரம் காத்திருந்தால் அதன் துளைகளுக்குள் புதிய நுண்குழாய்கள் ஊர்ந்து ஏறி, தாள் மெல்ல இளஞ்சிவப்பாகும். அப்போது சிலிக்கோனை உரித்துவிட்டு மெல்லிய தோல் ஒட்டை வைக்கலாம். சிறிய அளவில் எலும்போ தசைநாணோ தெரிந்தாலும் ஓரத்துச் சதையிலிருந்து குழாய்கள் பாலம் போட்டு அதை மூடிவிடும். பொறுமை இருக்கிறவர்களுக்கான வழி இது, கிருமி நுழையாமல் பார்த்துக்கொள்ளும் கவனமும் வேண்டும். காயத்தை ஸ்பாஞ்சால் அடைத்து, பிளாஸ்டிக் ஒட்டி, பம்பால் 125 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு உறிஞ்சும் கருவியும் இங்கே கைகொடுக்கிறது. கசிவை இழுத்துவிடும், ஒட்டை அடிப்பரப்போடு அழுத்திப் பிடிக்கும். மேடுபள்ளமான விரலிடுக்கில் சாதாரணக் கட்டால் அதைச் செய்வது சிரமம்.

எந்த வழியானாலும் ஒரு விதி மாறாது: இழுத்துத் தைக்கக் கூடாது. அரங்கில் இழுத்து முடிச்சுப் போட்டதும் தையலோரம் வெளிறும். விரலால் அழுத்தி விட்டால் நிறம் திரும்பி வர நேரமெடுக்கும். பாதம் மறுநாள் வீங்கும்போது அந்த வெளுப்பு நீலமாகும், நான்காம் நாள் கறுப்பாகும். அதைவிட, சேராத இடத்தைச் சேர்க்காமல் விட்டு ஒரு சின்ன ஒட்டு வைத்துவிட்டு வருவது எவ்வளவோ மேல்.

இனி நாட்கள். முதல் சில நாட்களில் கவனமெல்லாம் கையில். மணிக்கொரு தரம் விரலின் நிறமும் சூடும் பார்ப்பார்கள். கால் தலையணை மேல் உயர்ந்து கிடக்கும். அதைக் கீழே தொங்கவிடாதீர்கள் என்று சொல்வது வெறும் சம்பிரதாயம் இல்லை. காலைத் தொங்கவிட்டால் சிரைகளில் அழுத்தம் ஏறும், காயத்துக்குள் ரத்தம் கசியும், ஒட்டுக்கும் அடிப்பரப்புக்கும் நடுவே ரத்தக்கட்டி உட்காரும். அந்தக் கட்டியைத் தாண்டி நுண்குழாய்கள் கைகோக்க முடியாது. ஒட்டு கெடுவதற்கு முதல் காரணம் இதுதான். அடுத்தது உரசல், அதற்கடுத்தது கிருமி.

ஐந்தாம் நாள் வாக்கில் ஒட்டு வைத்த கட்டைப் பிரிப்பார்கள். உப்புநீரை ஊற்றி ஊறவிட்டு, ஒட்டிக்கொண்ட துணியை மேலே தூக்காமல், தோலோடு ஒட்டிப் படுக்கையாக, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக இழுப்பார்கள். இளஞ்சிவப்பாக, அடியோடு ஒட்டி, தொட்டால் நகராமல் இருந்தால் பிடித்துவிட்டது. ஊதா நிறம் கண்டு பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அது தெளிந்துவிடும். வெளுத்து வழவழவென்று நகர்ந்தால் போய்விட்டது. அடியில் கருஞ்சிவப்பாக ஒரு குமிழ் தெரிந்தால், சின்னக் கீறல் போட்டு ரத்தத்தை உருட்டி வெளியேற்றினால் ஒருவேளை காப்பாற்றலாம். ஓரத்தில் நகக்கண் அளவு கறுத்திருந்தால் அவசரப்பட்டு வெட்டத் தேவையில்லை. காய்ந்த பொருக்கு இயற்கையான கட்டு; அடியில் ஆறிக்கொண்டிருக்கும்.

உள்ளங்கால் பக்கத் தையலை இரண்டிலிருந்து மூன்று வாரம் வரை விட்டுவைப்பார்கள், முகத்தில் மாதிரி ஐந்து நாளில் எடுக்க முடியாது. தடித்த தோல் மெதுவாகத்தான் சேரும். பாரமும் படிப்படியாக. முதலில் சில நிமிடம் காலைத் தொங்கவிட்டு நிறத்தைப் பார்ப்பது. பிறகு குதிகாலை மட்டும் ஊன்றி நடப்பது. காயம் நன்றாகச் சேர்ந்த பிறகே முன்பாதத்தை ஊன்றுவது. புகை பிடிப்பவர் இந்த நாட்களில் பிடித்தால் கைவிரலையும் பணயம் வைக்கிறார், கால் காயத்தையும் பணயம் வைக்கிறார். சர்க்கரை நோயால் கால் ரத்தக் குழாய் கெட்டவர்களிடம் இந்த அறுவைக்கே தயங்குவதும் இதனால்தான். அவர்களுக்கு விரல் எடுத்த காயம் ஆறாப் புண்ணாக முடியலாம்.

ஆறிய பிறகு வரும் தொல்லைகள் சத்தமில்லாதவை. விரலோடு போன நரம்புகளின் காலிலிருக்கும் வெட்டு முனை, முளைவிடப் பார்த்து ஒரு முடிச்சாகத் திரளும். அது பாரம் படும் இடத்தில் இருந்தால் ஒவ்வொரு அடியிலும் மின்சாரம் தாக்கியது போலிருக்கும். எனவே அந்த முனைகளைத் தையலுக்கு முன்பே சதைக்குள் ஆழமாகப் புதைத்துவிட வேண்டும்; அரங்கில் ஐந்து நிமிட வேலை. குளிர் பட்டால் சிலருக்குப் பாதம் குடையும். மேற்புறத்துச் சிரைகளைக் கைக்காக எடுத்ததால் சாயங்காலம் வீக்கம் சில மாதங்களுக்கு இருக்கும். மேல் கீறல் நீளமாக இருந்தால் ஷூவின் நாக்கு அங்கேயே உரசும். இதற்காகவே இப்போது பலரும் ரத்தக் குழாயைக் கணுக்கால் வரை துரத்திப் போகாமல், விரலிடுக்கிலேயே குட்டையாக எடுத்துக் கையில் விரலடியில் இணைத்துவிடுகிறார்கள். மைக்ரோஸ்கோப் வேலை கடினமாகும், கால் தப்பிக்கும்.

நடை? பெரும்பாலானவர்கள் நொண்டாமல் நடக்கிறார்கள், ஓடவும் செய்கிறார்கள். நடையை அளந்து பார்த்தால் பெருவிரல் தள்ள வேண்டிய கடைசித் தள்ளு குறைந்து, பாரம் வெளிப்பக்கத்து விரல்களின் அடிமேட்டுக்கு நகர்ந்திருப்பது தெரியும். குழந்தைகள் இதையெல்லாம் கவனிப்பதே இல்லை. பெரியவர்கள் கவனிப்பது வேறொரு இடத்தில். பெருவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் நடுவே வார் போகும் செருப்பைப் போட்டுப் பார்க்கும்போதுதான் அந்த இடத்தில் பிடிக்க ஆளில்லை என்று தெரிகிறது. ஈரத் தரையில் செருப்பு முன்னே போய்விடும், கால் பின்னே நிற்கும். குதிகாலில் பட்டை வைத்த செருப்புக்கு மாறிவிடுகிறார்கள். மூடிய ஷூ என்றால் முனை காலியாக இருப்பதால் மேல்தோல் மடிந்து, அந்த மடிப்பு தழும்பில் குத்தும். அதற்கு விரல் வடிவில் வெட்டிய ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றை முனையில் செருகினால் போதும். நனைந்தால் காய வைக்க வேண்டும், நசுங்கிப்போனால் புதிதாக வெட்டிக்கொள்ள வேண்டும். காலுறையை மாற்றுவது மாதிரி அதுவும் ஒரு வழக்கமாகிவிடுகிறது.